ஜன்னலோரச் செடிகளும் அடைபட்ட நாட்களும்: மனநலம் – வாசகர் கேள்வி பதில்

கோவிட்-19 ஒரு பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று அறிவித்ததைத் தொடர்ந்து உலகின் பெரும்பகுதி வீட்டுக்குள் முடங்கிய நாட்களில், அதுவரை ஒரு தொட்டியைக்கூடத் தொட்டிராத பலர் செடி வளர்க்கத் தொடங்கினார்கள். அந்த நாட்களைப் பற்றியும் அவை மனத்தில் விட்டுச்சென்றவற்றைப் பற்றியும் வாசகர்கள் எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன, எழுதியவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

ஊரடங்கு முழுவதும் ஓர் அறையில் தனியாக இருந்தேன். முன்பு குடியிருந்தவர் விட்டுச்சென்ற மணி பிளான்ட் ஒன்றுதான் எனக்குத் துணை. அதுதான் என்னைக் காப்பாற்றியது என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். செடிகள் மனத்தை ஆற்றும் என்பதற்கு ஆதாரம் உண்டா, அல்லது அது வெறும் என் கற்பனையா?

கற்பனை என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஆனால் அந்தச் செடி உங்களுக்கு என்ன செய்தது என்பதை நிதானமாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. அப்போதுதான் அடுத்த நெருக்கடியிலும் அது உங்களுக்குக் கைகொடுக்கும்.

இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது, ரோஜர் உல்ரிச் 1984இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள ஒரு மருத்துவமனையில், 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளிலிருந்து, வயது, பாலினம் போன்றவற்றில் ஒத்திருந்த 23 இணைகளை அவர் தேர்ந்தெடுத்தார். ஒவ்வோர் இணையிலும் ஒருவருடைய ஜன்னல் மரங்களைப் பார்த்திருந்தது. மற்றவருடைய ஜன்னலுக்கு வெளியே செங்கல் சுவர். மரங்களைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். வீரியமான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. மரங்களில் இலைகள் இருக்கும் மாதங்களின் பதிவுகளை மட்டுமே உல்ரிச் கணக்கில் எடுத்துக்கொண்டார் என்ற விவரம் என்னை மிகவும் கவர்ந்தது. நோயாளியின் கண்ணுக்கு எது தெரிந்திருக்கும் என்பதில் அவ்வளவு அக்கறை காட்டியிருக்கிறார்.

ஊரடங்குக் காலத்திலேயே நடத்தப்பட்ட ஆய்வுகளும் உண்டு. பல்கேரியாவில் 323 பல்கலைக்கழக மாணவர்களிடம் கேட்டறிந்தபோது, வீட்டுக்குள்ளோ ஜன்னல் வழியாகவோ அதிகப் பசுமையைக் காண முடிந்தவர்களிடம் மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றின் அறிகுறிகள் குறைவாக இருந்தன. டோக்கியோவில் 3,000 பேரிடம் நடந்த கணக்கெடுப்பில், ஜன்னல் வழியே பசுமை தெரிவதற்கும் தனிமையுணர்வு குறைவாக இருப்பதற்கும் தொடர்பு காணப்பட்டது. 46 நாடுகளைச் சேர்ந்த 4,200க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற மற்றோர் ஆய்வில், வீட்டிலிருந்த செடிகள் தங்கள் மனநிலைக்கு நன்மை செய்ததாக 74 சதவீதத்தினர் தெரிவித்தார்கள். இன்னும் கொஞ்சம் செடிகள் இருந்திருக்கலாம் என்று பாதிக்கும் மேற்பட்டோர் கருதினார்கள்.

இந்த எண்களை அளவறிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். இவை ஒருமுறை மட்டும் கேட்டுப் பதிவுசெய்யப்பட்டவை. செடியால் மனம் தெளிந்ததா, தெளிந்த மனமுடையவர்கள் செடி வளர்த்தார்களா என்பதை இவற்றால் உறுதிப்படுத்த முடியாது. செடிகளைப் பற்றிய கேள்வித்தாளை முழுவதும் நிரப்பி அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் செடிகளை நேசிப்பவர்களாகவே இருப்பார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

காரணம் என்ன என்பதற்கு ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் என்ற ஆய்வாளர் தம்பதி தந்த விளக்கம் எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. ஒன்றிலேயே வலிந்து நிறுத்தும் கவனம் சோர்ந்துபோகும். இலை அசைவது, வெளிச்சம் நகர்வது போன்ற, மனத்தை மென்மையாக ஈர்க்கும் காட்சிகளில் அந்தக் கவனம் ஓய்வு பெற்று மீளும் என்பது அவர்கள் கருத்து. வேலை, படிப்பு, செய்தி, உறவினர் நலம் என்று எல்லாமே ஒரே திரைக்குள் வந்து சேர்ந்துவிட்ட அந்த நாட்களில், எந்தப் பதிலையும் எதிர்பார்க்காத ஒரு காட்சி கிடைத்ததே பெரிய ஆறுதல்தான்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்தவர்கள் சொன்னவற்றிலிருந்து இதனுடன் இன்னொன்றையும் சேர்ப்பேன். ஊரடங்கில் கிழமைகள் கரைந்துபோயின. நேற்றும் இன்றும் ஒன்றாகத் தெரிந்தன. மணி பிளான்ட்டின் புதிய இலை, வெளிர்பச்சை நிறத்தில் இறுகச் சுருண்டு, பழைய காம்பின் உறையிலிருந்து நுனி காட்டும். மெல்ல விளிம்பு தளரும். முழுதும் விரிந்த பின்னும் சில நாட்கள் மினுமினுப்போடும் மென்மையோடும் இருந்துவிட்டு, அதன் பிறகே மற்ற இலைகளின் நிறத்துக்கு வரும். அதைக் கவனித்தவருக்கு நேற்று வேறு, இன்று வேறு என்பது கண்ணால் கண்ட உண்மை. மேலும், தான் எழுந்து தண்ணீர் ஊற்றாவிட்டால் வாடிவிடும் உயிர் ஒன்று இருந்ததால்தான் படுக்கையை விட்டு எழுந்ததாகச் சொன்னவர்கள் பலர். உங்கள் நண்பர்கள் சிரிக்கட்டும். யாரும் உங்களைத் தேடி வர முடியாத நாட்களில், உங்களை நம்பியிருந்த ஒன்றை நீங்கள் உயிரோடு வைத்திருந்தீர்கள். அதில் காப்பாற்றப்பட்டவர் நீங்களும்தான்.

எங்கள் வீட்டில் பால்கனி இல்லை, மொட்டைமாடிக்குச் செல்ல அனுமதியும் இல்லை. இருக்கும் ஒரே ஜன்னலுக்கு எதிரே அடுத்த கட்டடத்தின் சுவர். எங்களைப் போன்றவர்களுக்கு இந்த ஆலோசனைகளால் என்ன பயன்?

உங்கள் கேள்வியில் இருக்கும் ஆதங்கம் நியாயமானது. ஊரடங்கு எல்லோருக்கும் ஒன்றுபோல் இருக்கவில்லை. தோட்டத்தோடு வீடு வைத்திருந்தவர் அடைபட்டதும், காற்றோட்டமில்லாத அறையில் நான்கு பேர் அடைபட்டதும் ஒன்றல்ல. பசுமையைப் பற்றிப் பேசுகிற எவரும் இதை மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

இருந்தாலும் செய்யக்கூடியது உண்டு. நண்பகலில் ஜன்னலுக்கும் செடி வைக்க நினைக்கும் இடத்துக்கும் நடுவில் கையை நீட்டிப் பாருங்கள். கையின் நிழல் தெளிவாக விழுந்தால் வெளிச்சம் தாராளம். விரல்கள் பிரியாமல் மங்கலாக விழுந்தால், மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட், இசட் இசட் பிளான்ட் போன்ற, குறைந்த ஒளியைத் தாங்கும் செடிகள் போதும். நிழலே விழவில்லையென்றால் ஒரு எல்இடி விளக்கு தேவைப்படும். ஜன்னலை விட்டு உள்ளே ஓரிரு அடி தள்ளினாலே வெளிச்சம் வெகுவாகக் குறைந்துவிடும். நம் கண் இருட்டுக்குப் பழகிக்கொள்வதால் அது நமக்குத் தெரிவதில்லை, செடிக்குத் தெரியும்.

எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வேலை செய்யும்போது நிமிர்ந்தால் கண்ணில் படும் ஒரு செடி, எழுந்து சென்று பார்க்க வேண்டிய பத்துச் செடிகளைவிடப் பயன் தரும். கையால் தொட்டுச் செய்வதற்கும் மதிப்பு உண்டு: 24 இளைஞர்களை ஒருமுறை செடி மாற்றி நடவும் இன்னொருமுறை கணினியில் வேலை செய்யவும் வைத்து 2015இல் வெளியான சிறிய ஆய்வில், செடி நட்ட பிறகு அவர்கள் மனம் இலகுவாக இருந்ததோடு ரத்த அழுத்தத்தின் கீழ் அளவும் குறைந்திருந்தது. மண் வாங்க வழியில்லையென்றால், ஒரு கணு தண்ணீருக்குள் இருக்கும்படி மணி பிளான்ட் தண்டைக் கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். கணுவிலிருந்து வெள்ளை வேர் கிளம்புவதைப் புட்டி வழியாகவே பார்க்கலாம்; மண்ணில் வளர்ப்பவர்களுக்கு அந்தக் காட்சி கிடைப்பதில்லை.

செடிகள் வீட்டுக் காற்றைச் சுத்தப்படுத்தும் என்று ஒரு சாராரும், இரவில் கரியமில வாயுவை வெளியிடுவதால் படுக்கையறையில் வைக்கக் கூடாது என்று மற்றொரு சாராரும் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டுமே மிகையானவை. முதல் கருத்துக்கு மூலம், நாசா 1989இல் வெளியிட்ட ஆய்வு. அது காற்றுப் புகாத சிறிய பெட்டிகளுக்குள் செய்யப்பட்டது, வீடுகளில் அல்ல. இத்தகைய பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான மறுஆய்வு, கட்டடத்தின் இயல்பான காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகளே செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை தேவைப்படும் என்று கணக்கிட்டது. அதைவிட ஜன்னலைத் திறந்து வைப்பது எளிது. இரவில் ஒரு தொட்டிச் செடி வெளியிடும் கரியமில வாயுவோ, பக்கத்தில் உறங்கும் ஒரு மனிதர் வெளியிடுவதோடு ஒப்பிட்டால் மிக அற்பம்.

கவனிக்க வேண்டிய ஆபத்துகள் வேறு. டிஃபன்பேக்கியா, மணி பிளான்ட் ஆகியவற்றின் இலைகளில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருப்பதால், குழந்தைகள் மென்றால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். பூனை வளர்ப்பவர்கள் லில்லியை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது; அதன் மகரந்தம்கூடப் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். ஆஸ்துமா உள்ளவர்கள் மண் எப்போதும் ஈரமாக இருந்து பூஞ்சை படராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் அம்மாவுக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. தொற்றுக்குப் பயந்து ஊரடங்கில் அவரை எந்த வேலையும் செய்ய விடவில்லை. இப்போது நாங்களே சொன்னாலும் எதிலும் ஈடுபாடு காட்டாமல் உட்கார்ந்திருக்கிறார். மனம் மாறட்டும் என்று நிறையச் செடிகள் வாங்கி அவர் அறையில் வைத்தோம். என் மனைவிதான் தண்ணீர் ஊற்றுகிறார். அம்மா திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அந்தச் செடிகளைத் தேர்ந்தெடுத்தது நீங்கள், தண்ணீர் ஊற்றுவது உங்கள் மனைவி. அம்மாவின் அறையில் இருந்தாலும் அவை அம்மாவின் செடிகள் ஆகவில்லை.

எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் 1976இல் வெளியிட்ட ஆய்வை இங்கே விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், அறையை எப்படி அமைத்துக்கொள்வது, பொழுதை எப்படிக் கழிப்பது என்பதெல்லாம் அவர்கள் விருப்பம், அவர்கள் பொறுப்பு என்று சொல்லி, செடி வேண்டுமா என்று கேட்டு, வேண்டுமென்றவர்களை அவர்களே ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பராமரித்துக்கொள்ளச் சொன்னார்கள். மற்றொரு தளத்தில் இருந்தவர்களுக்கும் செடி கொடுக்கப்பட்டது. ஆனால் அவர்களை மகிழ்ச்சியாக வைத்திருப்பது ஊழியர்களின் பொறுப்பு என்றும், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைச் செவிலியர்களே கவனித்துக்கொள்வார்கள் என்றும் சொல்லப்பட்டது. மூன்று வாரங்களில் முதல் தளத்தினர் கூடுதல் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் காணப்பட்டார்கள். பதினெட்டு மாதங்களுக்குப் பிறகு பார்த்தபோதும் அவர்கள் நிலை மேலாகவே இருந்தது. பங்கேற்றவர்கள் சிலரே என்பதால் அந்தப் பிற்கால முடிவின் மேல் அதிக பாரத்தை ஏற்ற நான் விரும்பவில்லை. ஆனால் செடி இரண்டு தளத்திலும் இருந்தது என்பதைக் கவனியுங்கள். வேறுபட்டது பொறுப்பும் விருப்பமும்.

ஆகவே, பெரும்பாலான செடிகளை அந்த அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். எதை வளர்க்கலாம் என்று அம்மாவிடம் கேளுங்கள். அவர் முன்பு வளர்த்த ஏதாவது ஒன்றைச் சொன்னால் அதையே வாங்கிக் கொடுங்கள். குனிய வேண்டாதபடி மேசை உயரத்தில் வையுங்கள். ஒரு கையால் தூக்கக்கூடிய சிறிய பூவாளி கொடுங்கள். அதன் பிறகு உங்களுக்குத்தான் கடினமான பகுதி வருகிறது: அவர் ஒருநாள் மறந்தாலும் நீங்கள் அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றிவிடக் கூடாது. ‘இந்த இலை ஏன் இப்படி இருக்கிறது, அம்மா?’ என்று கேட்கலாம். தெரிந்தவரிடம் கேட்பதுபோல் கேளுங்கள். உண்மையிலேயே அவருக்கு உங்களைவிடத் தெரிந்திருக்கும்.

அவருக்குப் பசியின்மை, தூக்கமின்மை, மறதி போன்றவையும் இருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். முதியவர்களின் மனச்சோர்வு வெறும் வயோதிகம் என்று தவறாகக் கருதப்படுவது அடிக்கடி நடக்கிறது.

ஊரடங்கின்போது அப்பாவை மருத்துவமனையில் இழந்தோம். கடைசியாக ஒருமுறை முகம் பார்க்க முடியவில்லை. அவர் ஆசையாக வளர்த்த செடிகளை நான்தான் பார்த்துக்கொண்டேன். தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றியும் ஒவ்வொன்றாகச் செத்துவிட்டன. அப்பாவையும் காப்பாற்றவில்லை, அவர் விட்டுச்சென்றதையும் காப்பாற்றவில்லை என்ற எண்ணம் இன்றும் போகவில்லை.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். முதலில் செடிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் உங்களுக்கு ஒரு விடுதலை இருக்கிறது.

தினமும் தண்ணீர் ஊற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். வேர்களுக்கும் ஆக்சிஜன் வேண்டும். மண்ணின் இடைவெளிகளெல்லாம் நீரால் நிரம்பியே இருந்தால் வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது என்பதால், ஈரமான மண்ணில் நின்றுகொண்டே செடி வாடும். பார்ப்பவருக்கு அது தாகமாகத்தான் தெரியும், இன்னும் ஊற்றுவார். தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால்தான் பழுப்பேறிக் கொழகொழத்த வேரும் அதன் வாடையும் உண்மையைச் சொல்லும். வீட்டிலேயே இருக்க நேர்ந்த அந்த மாதங்களில் இப்படிச் செடிகளை இழந்தவர்கள் மிகப் பலர். கைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டியிருந்தது, மனம் பயத்தில் இருந்தது, கண்ணெதிரே இருந்தது செடி மட்டும்தான். உங்கள் விஷயத்தில், மருத்துவமனையின் கதவுக்கு அப்பால் அப்பாவுக்குச் செய்ய முடியாமல் போன பணிவிடை அத்தனையும் அந்தத் தொட்டிகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதை அலட்சியம் என்று யாராலும் சொல்ல முடியாது; நீங்களும் சொல்லக் கூடாது.

அப்பாவின் மரணத்துக்கும் உங்களுக்கும் தொடர்பில்லை என்பது உங்கள் அறிவுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் விடைபெற முடியாமல் போன துயரம், பொறுப்பேற்க ஓர் ஆளைத் தேடும். அருகில் இருப்பவர் நாம்தான் என்பதால் நம்மையே பிடித்துக்கொள்ளும். அந்தச் செடிகளைப் பற்றி, அப்பா எதை எங்கிருந்து கொண்டுவந்தார், எதற்கு என்ன செய்வார் என்பதையெல்லாம், அவரை அறிந்த ஒருவரோடு உட்கார்ந்து பேசுங்கள். நடக்காமல்போன விடைபெறுதலின் ஒரு பகுதி அப்படியாவது நடக்கட்டும். அவர் யாருக்காவது ஒரு கிளையோ நாற்றோ கொடுத்திருந்தாரா என்று விசாரித்துப் பாருங்கள். செடி வளர்ப்பவர்கள் பெரும்பாலும் கொடுத்திருப்பார்கள். அப்படிக் கிடைத்தால் வாங்கி நடுங்கள். கிடைக்காவிட்டால் அதே வகையில் புதிதாக ஒன்று வாங்குவதா வேண்டாமா என்பதை உங்கள் மனம் சொல்லட்டும், கட்டாயம் இல்லை.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்ல வேண்டும். இழப்பு நேர்ந்து ஆறு மாதங்களுக்கு மேலாகியும் துயரம் தணியாமல் அன்றாட வாழ்வையே முடக்கினால், அது சிகிச்சை தேவைப்படும் நீடித்த துயரக் கோளாறாக இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு இப்போது ஏற்றுக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு அதைக் கடந்தும் காலம் ஓடிவிட்டது. ஒரு மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ நேரில் பாருங்கள். இந்தப் பக்கத்தில் நான் எழுதும் பதில் அதற்கு மாற்றாகாது.

என் தம்பி ஊரடங்கில் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியவன், இன்றும் அறையை விட்டு வெளியே வருவதில்லை. அறை முழுவதும் செடிகள். நண்பர்களிடம் பேசுவதை நிறுத்திவிட்டான், இரவில் தூங்குவதில்லை. கேட்டால், ‘எனக்குச் செடிகள் போதும், அக்கா’ என்கிறான். மகிழ்வதா, கவலைப்படுவதா?

கவலைப்பட வேண்டும். பெருந்தொற்றின் முதல் ஆண்டில் உலகளவில் பதற்றக் கோளாறும் மனச்சோர்வும் 25 சதவீதம் அதிகரித்ததாக உலக சுகாதார நிறுவனம் 2022இல் தெரிவித்தது. அவர்களில் பலருடைய பாதிப்பு ஊரடங்கோடு முடிந்துவிடவில்லை. செடிகள் உங்கள் தம்பிக்குத் தீங்கு செய்யவில்லை; ஒருவேளை அவரை இதுவரை தாங்கியிருப்பதே அவைதானோ என்னவோ. ஆனால் மனிதர்களைத் தவிர்ப்பதற்கு அவை திரையாகிவிட்டால், உள்ளே இருக்கும் நோய் வெளியே தெரியாமலே வளரும்.

செடிகளைக் குறை கூறியோ அகற்றியோ பேச்சைத் தொடங்காதீர்கள். கதவு முழுவதுமாக மூடிக்கொள்ளும். அவர் அறையில் போய் உட்கார்ந்து, ஒரு செடியைப் பற்றிக் கேளுங்கள், ஒரு கன்று வேண்டும் என்று கேளுங்கள். பேச்சு வந்த பிறகு, தூக்கத்தைப் பற்றியும், எதிலாவது நம்பிக்கை இருக்கிறதா என்றும், உயிரை விட்டுவிடும் எண்ணம் வருகிறதா என்றும் நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்பட்டுவிடாது. யாராவது கேட்டார்களே என்ற ஆறுதல்தான் ஏற்படும். இரண்டு வாரங்களுக்கு மேல் தொடரும் தூக்கமின்மை, ஈடுபாடின்மை, சோர்வு ஆகியவை மருத்துவரைப் பார்க்கப் போதுமான காரணங்கள். உயிரை விடும் எண்ணம் இருப்பதாகச் சொன்னால் அன்றே, அவரைத் தனியாக விடாமல், அழைத்துச் செல்லுங்கள்.

ஊரடங்கில் வெறியோடு செடி வளர்த்தேன். அலுவலகம் போகத் தொடங்கிய பிறகு நேரமும் இல்லை, ஆர்வமும் இல்லை. பாதி வாடிக் கிடக்கின்றன. பார்த்தாலே குற்றவுணர்வு வருகிறது. என்ன செய்யலாம்?

பிறருக்குக் கொடுத்துவிடுங்கள். அடைபட்டிருந்த ஒருவரின் முழுநாளுக்குப் போதுமான அளவு செடிகளை, வெளியே சென்று திரும்பும் ஒருவரின் அரை மணி நேரம் தாங்காது. இதில் குற்றவுணர்வுக்கு இடமே இல்லை. பார்க்கும்போது மகிழ்ச்சி தருகிற இரண்டு மூன்றை மட்டும், நீர் குறைவாகக் கேட்கிறவையாகப் பார்த்து, வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒருநாள் காலையில் மண்ணுக்குள் விரலை இரண்டு செ.மீ. ஆழத்துக்கு விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் அடித்துளை வழியே நீர் வழியும் அளவுக்கு ஊற்றி, தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள். கொடுப்பவற்றை வாடியநிலையில் கொடுக்கத் தயங்கினால், பழுத்த இலைகளை நீக்கி ஒரு வாரம் நல்ல வெளிச்சத்தில் வைத்துத் தேற்றிய பிறகு கொடுக்கலாம். எவ்வளவு வெளிச்சமும் தண்ணீரும் வேண்டும் என்பதை ஒரு சீட்டில் எழுதித் தொட்டியோடு சேர்த்துக் கொடுத்தால், வாங்கிச் செல்பவருக்கு உதவியாக இருக்கும்.